அன்பளிப்பு: சொக்கம்மாள், மாகறல்

மாகறல்
20.4.2025

சம்பந்தி அம்மாளுக்கு,

சொக்கம்மாள் எழுதுவது. நலமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் நலமாக இருப்பதை நேற்றே பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியின் போனில் பார்த்துவிட்டேன். பூப்போட்ட நைட்டியும் தலையில் ஈரத்துண்டுமாக, கையில் போனைப் பிடித்துக்கொண்டு, என் அண்டாவின் வயிற்றில் தெரிந்தீர்கள். முகம் தெரிகிற அளவுக்குத் துலக்கித்தான் படம் எடுத்திருக்கிறீர்கள். அந்த மட்டும் சந்தோஷம்.

படத்துக்குக் கீழே ‘வேண்டாத அண்டா, இலவசம், முதலில் வருபவருக்கு’ என்று எழுதியிருந்தது. அண்டாவின் கழுத்தில் ‘அன்பளிப்பு: சொக்கம்மாள், மாகறல்’ என்று வெட்டியிருந்தது. போன ஆவணியில் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கியபோது, ‘தமிழ்ச்செல்விக்குத் தாய் வீட்டுச் சீர்’ என்று வெட்டச் சொல்லித்தான் கடையில் எழுதிக் கொடுத்தேன். பெயர் வெட்டுகிற ஆள் பழக்க தோஷத்தில் கோயிலுக்குக் கொடுக்கிற பாத்திரத்துக்கு வெட்டுகிற மாதிரி வெட்டிவிட்டான். எழுத்து நன்றாகப் பெரிதாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். அந்தப் பெரிய எழுத்துதான் இப்போது என் மானத்தை வாங்குகிறது.

பாஞ்சாலி கேட்கிறாள்: “இன்னாக்கா, உம் பொண்ணாண்ட இன்னா தகராறு? சீரு சாமானெல்லாம் வெளில தள்றாங்க?” பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பற்றி இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். வாயால் பேசினால் வார்த்தை தடிக்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதையும் படம் பிடித்து யாருக்காவது இலவசமாகக் கொடுத்துவிடுவீர்கள். செல்வியோ “என்ன நடுவுல வெக்காதீங்கம்மா” என்று சொல்லிவிட்டாள். அதனால் தபால்.

வைகாசியில் வளைகாப்பு. வளையலும் கலந்த சாதமும் எங்கள் வீட்டுச் சீர். அன்றைக்கு அந்த அண்டா உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் படியேற மாட்டேன். இதைப் பாஞ்சாலி முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ம. சொக்கம்மாள்


உத்திரமேரூர்
25.4.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

ஆண்டாளம்மாள் எழுதுவது. உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், “இந்தக் காலத்துல யாரும்மா கடுதாசி போடறாங்க?” என்று கேட்டார். சம்பந்தி என்றேன். “எதாச்சும் தகராறா?” என்றார். உங்கள் கோபம் உறைக்கு மேலேயே தெரிகிறது போல.

முதலில் அந்த நைட்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன். படத்தை ஊரே பார்த்துவிட்டது. எவர்சில்வர் சாமானைப் படம் எடுப்பதற்கு முன்னால் நல்ல புடவையாகக் கட்டிக்கொள்ளவும் என்று சாம்சன் குரூப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். சாம்சன் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். ‘சும்மா எடுத்துக்கோங்க’ என்கிற எங்கள் குரூப்பை நடத்துவது அவன்தான்.

‘வேண்டாத’ என்று நான் எழுதவே இல்லை. ஒரு விரலால் தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. மைக்கை அழுத்திப் பேசினால் போன் தானாக எழுதிக்கொள்கிறது. ‘வேண்டியவங்க எடுத்துக்கங்க’ என்று சொன்னேன். அது தன் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டது. நான் கண்ணாடி போடாமல் அனுப்பிவிட்டேன்.

சீரை யாரும் வெளியே தள்ளவில்லை. எங்கள் வீட்டில் இப்போது மேலே தொட்டி, குழாயைத் திறந்தால் தண்ணீர். உங்கள் அண்டா பரணில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பல்லி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. நல்ல பாத்திரம் இப்படிக் கிடக்கிறதே, யார் வீட்டிலாவது புழங்கட்டுமே என்று நினைத்தேன். செல்வியையும் கேட்டேன். “உங்க இஷ்டம் அத்தே” என்றாள். கேட்டுத்தான் செய்தேன்.

கண்டபடி அள்ளி வீசுகிற குரூப் இல்லை அது. ஓட்டை இருந்தால் ஓட்டை என்று சொல்ல வேண்டும். ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. வருகிறவரிடம் உனக்கு எதற்கு என்று கேட்கக் கூடாது, அது அவர்களுக்குக் கூச்சம். கொடுத்ததைத் திருப்பி மட்டும் கேட்கவே கூடாது. ஜெனிஃபர் என்று ஒரு பெண் பஸ்ஸில் வந்து எடுத்துப் போனாள். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. சாம்சனிடம் திரும்ப வாங்க முடியுமா என்று விசாரித்தேன். “யம்மா, குட்த்தது குட்த்ததுதான். திருப்பிக் கேட்டா நானே உங்கள குரூப்ல இருந்து தூக்கிடுவேன்” என்கிறான்.

நான் கொடுத்தது அண்டாவை. உங்கள் மகளை இல்லை. அவள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஆண்டாளம்மாள்

பின்குறிப்பு: அந்த நைட்டி புதுசு. படத்தில்தான் பழையதாகத் தெரிகிறது.


மாகறல்
2.5.2025

சம்பந்தி அம்மாளுக்கு,

எந்த ஊர் என்று கேட்கவில்லை என்றீர்கள். நான் சொல்கிறேன், மாகறல். எங்கள் ஊர்தான். ஜெனிஃபர் எங்கள் பஸ் ஸ்டாப்பில் நாஷ்டா கடை வைத்திருக்கிறவள். இட்லி, வடை, காலை வேளையில் பொங்கல். உத்திரமேரூர் வட்டாரத்தில் எத்தனையோ ஊர் இருக்க, என் சீர் அண்டா என் ஊருக்கே திரும்பி வந்துவிட்டது.

வந்ததை உள்ளேயாவது வைத்தாளா? கடைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, மேலே சிவப்புத் துணி கட்டி, பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் குடிதண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாள். என் பெயர் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. காஞ்சிபுரம் போகிறவர்களும் படிக்கிறார்கள், உத்திரமேரூர் போகிறவர்களும் படிக்கிறார்கள். பாஞ்சாலி ஒருத்திக்குப் பதில் சொன்னது போய், இப்போது பஸ்ஸுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருப்பி வாங்கிவிடலாம் என்று நானே கிளம்பிப் போனேன். உங்கள் குரூப்பின் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது. என்னைக் கண்டதும் ஜெனிஃபர் ஓடிவந்தாள். “யக்கா, அது உங்க பேருதானா? வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க, உள்ள வந்து குந்துங்க. மண் பானை ஒடஞ்சிட்டு ஜனங்க தண்ணிக்கு அல்லாடிக்கினு கெடந்தாங்க. உங்க அண்டா வந்த நேரம், இப்ப பேஜாரே இல்ல” என்றாள். கையில் இட்லித் தட்டைக் கொடுத்துவிட்டாள். இட்லியைத் தின்றுகொண்டே அண்டாவைக் கொடு என்று எப்படிக் கேட்பது? தின்றுவிட்டு வந்துவிட்டேன். இட்லி பஞ்சு மாதிரி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் கொடுத்தது, நீங்களே வந்து கேளுங்கள்.

இன்னொன்று. செல்வி ‘உங்க இஷ்டம்’ என்றாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைப் பெற்று வளர்த்தவள் நான். சின்ன வயதில் அவள் தலைமுடியைக் கத்தரிக்கலாமா என்று கேட்டதற்கு ‘உங்க இஷ்டம்’ என்றாள். கத்தரித்தோம். அதன்பிறகு முடி வளர்கிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவள் வாயில் ‘உங்க இஷ்டம்’ என்றால் கூடாது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த பெண்ணின் பாஷையை மாமியார் படித்திருக்க வேண்டும்.

சொக்கம்மாள்


உத்திரமேரூர்
10.5.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் கேட்டதற்கெல்லாம் அந்தப் பெண் சொன்ன ‘உங்க இஷ்டம்’ என்பதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் அலமாரியை இடம் மாற்றினேன். வாரம் தவறாமல் பாகற்காய் சமைக்கிறேன். பரண் பாத்திரம்தானே என்று நினைத்தேன். அம்மா வாங்கிக் கொடுத்தது என்று அவள் மனதில் இருந்திருக்கிறது. அவளிடம் போய், “தப்பு பண்ணிட்டேன், கண்ணு” என்று சொன்னேன். “பரவால்ல அத்தே, பாகற்காய மட்டும் கொஞ்சம் பாருங்க” என்றாள்.

அதன் பிறகு நேற்று மாகறலுக்கு வந்தேன். அண்டாவைக் கேட்டு வாங்கி வரத்தான் வந்தேன், குரூப்பை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும் என்று. பஸ்ஸில் கண்டக்டர் விசில் கொடுத்து என்ன சொல்லி இறக்குகிறார் தெரியுமா? “சொக்கம்மா அண்டா ஸ்டாப்பிங் எறங்கு” என்கிறார்.

கத்திரி வெயில். இறங்கிய எல்லோரும் நேராக அண்டாவுக்குத்தான் போனார்கள். ஒரு பெரியவர் குடித்துவிட்டு, “சொக்கம்மா யாரோ, நல்லா இருக்கணும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அண்டாவைக் கொடுத்தது நான். நைட்டியில் பார்த்து ஊர் சிரித்ததும் என்னைத்தான். நல்லா இருக்க வேண்டியது மட்டும் நீங்களா? பொறாமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

ஜெனிஃபரிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. “சீரு சாமான்னு தெரிஞ்சா வாங்கியே இருக்க மாட்டேம்மா, எட்த்துக்கினு போங்க” என்று சொல்லி, தண்ணீரை வேப்பங்கன்றுக்கு மொள்ள ஆரம்பித்தாள். அதற்குள் அடுத்த பஸ் வந்து நின்றது. நடவுக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் ஒரு கூட்டம் இறங்கி, டம்ளருக்குக் கை நீட்டினார்கள். என்ன செய்வேன்? ஜெனிஃபர் கையைப் பிடித்து, “ஊத்தாதம்மா, வெயில் முடியட்டும்” என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

அண்டா வரவில்லை. நீங்கள் வந்துவிடுங்கள்.

ஆண்டாளம்மாள்


மாகறல்
17.5.2025

சம்பந்தி அம்மாளுக்கு,

மாகறலுக்கு வந்தீர்கள். பஸ் ஸ்டாப்பில் இருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் என் வீடு. ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட வராமல் போயிருக்கிறீர்கள். அண்டாவைக் கொடுத்ததை ஒரு பக்கம் வையுங்கள், இதை நான் சுலபமாக மறக்க மாட்டேன். ஜெனிஃபர் வந்து, “உங்க சம்பந்தியம்மா மொகம் வாடிப்போயி வந்த பஸ்லயே போய்ட்டாங்கக்கா” என்று சொல்கிறாள். கடைக்காரி சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு வேறு.

அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் காலையில் போய் நான்தான் அதைத் துலக்கி வைக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம், உங்களை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. என் பெயர் இருக்கிற பாத்திரம் அழுக்காக இருந்தால் யாருக்குக் கேவலம்? உப்புத் தண்ணீர் பட்டுக் கறை பிடிக்கிறது. துலக்கியதும் வெட்டிவேர் போட்டு வைக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் வேதகிரி சும்மா இருக்கிறாரா? “காலைல எனக்கு ஒரு காப்பி இல்ல, அண்டாக்கு மட்டும் அபிஷேகம் நடக்குது” என்கிறார்.

சீர் திரும்பி வந்ததா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பாஞ்சாலியே வெளியூர்க்காரர்களிடம், “எங்க அக்கா வெச்சது” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படிச் சொல்லும்போது நான் இல்லை என்று மறுக்கவில்லை. அது உங்களுக்கு நான் செய்கிற அநியாயம்தான், தெரிகிறது.

ஆனால் சொன்ன சொல் ஒன்று நிற்கிறதே. அண்டா உங்கள் வீட்டில் இருந்தால்தான் படியேறுவேன் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். அண்டாவை எடுத்தால் பஸ் ஸ்டாப்பில் ஜனங்கள் தவிப்பார்கள். எடுக்காவிட்டால் என் சொல் போகிறது. வளையல் வாங்கி வைத்துவிட்டேன், பச்சையும் சிவப்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. மகள் கையில் வளையல் அடுக்குவதைப் பார்க்காமல் நான் எப்படி இருப்பேன்? எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சொக்கம்மாள்


உத்திரமேரூர்
26.5.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

அழாதீர்கள். மீன் குழம்பு என்று தெரிந்திருந்தால் சண்டையோடு சண்டையாக வந்திருப்பேன். அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வழி இருக்கிறது. உங்கள் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். வளைகாப்பு ‘அன்றைக்கு அந்த அண்டா உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மறுநாளும் இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

கலந்த சாதம் உங்கள் வீட்டுச் சீர்தானே? ஜெனிஃபரையே கிளறித் தரச் சொல்லுங்கள். புளியோதரையை அந்த அண்டாவிலேயே நிரப்பி, துணி கட்டி எடுத்து வாருங்கள். பாத்திரம் வெறுமையாக வரக் கூடாது என்பது நம் வழக்கம், நிறைந்தே வரட்டும். ஜெனிஃபரும் வளைகாப்புக்கு வர வேண்டும், இது என் அழைப்பு. விருந்து முடிந்ததும் அண்டா அவளோடு பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு ஒரு நாள் தண்ணீருக்குப் பாஞ்சாலி வீட்டுக் குடத்தை வைத்துவிடுங்கள். உங்கள் சொல்லும் நிற்கும், பஸ் ஸ்டாப்பில் தண்ணீரும் நிற்காது.

சாம்சனிடம் கேட்டுவிட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, “திருப்பிக் கேட்டாத்தான் தப்பு, எரவல் கேட்டா தப்பில்லம்மா” என்று தீர்ப்பு சொன்னான். குரூப்பிலும் புதுசாக ஒன்று சேர்த்திருக்கிறான்: அன்பளிப்பாக வந்ததைக் கொடுப்பதாக இருந்தால், முதலில் கொடுத்தவரை ஒரு வார்த்தை கேட்கவும். அதற்குக் கீழே எல்லோரும் கைகூப்புகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். இது உங்களால் வந்த சட்டம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வண்டி எடுத்துக்கொண்டு வருவான். மறுக்காமல் மருமகனோடு ஏறுங்கள்.

ஆண்டாளம்மாள்

பின்குறிப்பு: நல்ல புடவை கட்டியிருப்பேன். அண்டாவைத் துலக்கியே கொண்டுவரலாம்.


மாகறல்
10.6.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

நலம். நலம்தானா? இந்தத் தடவை தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

செல்வி இங்கே சுகமாக இருக்கிறாள். புரண்டு படுத்தால் வளையல் சத்தம் கேட்கிறது. சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய், ஜெனிஃபரோடு பேசிவிட்டு, அந்த அண்டாவில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருகிறாள். வீட்டுத் தண்ணீர் அந்த ருசி இல்லையாம். மறுபடியும் அண்டா ரோட்டைப் பார்த்து நிற்கிறது.

வளைகாப்பில் உங்கள் நாத்தனார் அண்டாவைக் காட்டி, “இது யாரு குட்த்தது, இவ்ளோ பெருசா கீது” என்று கேட்டார். நான் சமையற்கட்டு வாசலில் நின்றது உங்களுக்குத் தெரியாது. “எங்க சம்பந்தி வூட்டு சீரு. ஒரு ஊருக்கே தண்ணி குடுக்குது” என்று சொன்னீர்கள். நீங்கள் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் உங்கள் பேரை மறைத்தவள் நான் என்று வெட்கமாகிவிட்டது. அதனால்தான் பந்தியில் நான் பேசாமல் இருந்தேன், கோபத்தால் இல்லை. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஊரில் இப்போது யார் கேட்டாலும், பேர்தான் என்னுடையது, வைத்தது என் சம்பந்தி என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பிளாக்கை எடுத்துவிட்டேன். இருந்தாலும் நமக்குக் கடிதம்தான் ஒத்துவருகிறது. போனில் நீங்கள் என்னைப் பேசவிட மாட்டீர்கள்.

சாம்சன் என்னையும் குரூப்பில் சேர்த்துக்கொண்டான். ஒரு நாற்காலியும் மிக்ஸி ஜார் ஒன்றும் கொடுத்துவிட்டேன். ஜார் மூடியில் விரிசல் என்று சொல்லியே கொடுத்தேன். கொடுப்பது நன்றாகத்தான் இருக்கிறது, பீரோவைத் திறந்தாலே கை பரபரக்கிறது.

அந்தப் புதுச் சட்டப்படி உங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. கல்யாணத்தில் சம்பந்தி புடவை என்று எனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தீர்களே, பூசணிப்பூ நிறத்தில் பச்சைக் கரை. நல்ல புடவை, குறை சொல்லவில்லை. என் நிறத்துக்கு அது எடுக்கவில்லை, மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. ஜெனிஃபர் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். அவளுக்குக் கொடுக்கலாமா?

உங்கள் சம்பந்தி,
சொக்கம்மாள்


உத்திரமேரூர்
14.6.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். செல்வி இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அடுத்த ஞாயிறு அவளைப் பார்க்க வருகிறேன். இந்தத் தடவை நேராக உங்கள் வீட்டுக்குத்தான், மீன் குழம்பு வைத்துவிடுங்கள்.

புடவை விஷயம்: உங்க இஷ்டம்.

ஆண்டாளம்மாள்